ஜெட் ஸ்கீ தண்ணீரில் நின்றுவிட்டால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

ஓடிக்கொண்டிருந்த ஜெட் ஸ்கீ தண்ணீர் நடுவே நின்றுவிட்டால், யாருக்கும் கை தானாக ஸ்டார்ட் பட்டனுக்குத்தான் போகும். ஒரு முறை அழுத்தலாம், தப்பில்லை. பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்ப அழுத்துவதில்தான் சிக்கலே. பேட்டரி பாதி இறங்கியிருந்தால் முழுசாக இறங்கிவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனைத் தள்ளி இழுக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். உடற்கூட்டுக்குள் பெட்ரோல் ஆவி தேங்கியிருந்தால் ஒரு பொறி போதும், தீப்பிடிக்க. தண்ணீரைப் பீய்ச்சும் பம்பில் கயிறு சுற்றியிருந்தால் இன்னும் இறுக்கமாகச் சுற்றும். பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை எஞ்சினையே கழற்றும் வேலையாக மாறுவதைப் பட்டறையில் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. அதனால் பட்டனிலிருந்து கையை எடுங்கள். எப்படி நின்றது என்று யோசியுங்கள். திணறித் திணறி நின்றதா, சட்டென்று அணைந்ததா, அலாரம் அடித்ததா, எஞ்சின் ஓடியும் வண்டி நகரவில்லையா? பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கீழே உள்ளவை யமஹா, சீ-டூ, கவாசாகி ஆகிய மூன்று நிறுவன வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். வேறுபடும் இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

பழுதைத் தேடும் முன்

கயிறு சாவியை, அதாவது ஓட்டுபவரின் மணிக்கட்டோடு கயிற்றால் கட்டியிருக்கும், கழன்றால் எஞ்சினை அணைக்கும் சாவியை, கழற்றிக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் பட்டையை ஒருமுறை இறுக்கட்டும். பிறகு கரையில் அசையாத இரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். முன்னால் ஒரு தென்னை, அதற்குப் பின்னால் ஒரு செல்போன் கோபுரம் என்று வைத்துக்கொள்வோம். ஓரிரு நிமிடம் கழித்து அவை ஒன்றைவிட்டு ஒன்று எந்தப் பக்கம் விலகுகின்றன என்று பார்த்தால், நீங்கள் எந்தப் பக்கம் அடித்துச் செல்லப்படுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். அடுத்து எவ்வளவு அவசரப்பட வேண்டும் என்பதை இதுதான் முடிவு செய்யும்.

சென்னை முதல் புதுச்சேரி வரையுள்ள கடலில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் காற்று மேற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அந்த நேரத்தில் கடல் கரையோரம் கண்ணாடி மாதிரி அமைதியாக இருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். எஞ்சின் நின்றால் அதே காற்று உங்களைச் சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோகும். நண்பகலுக்குப் பிறகு கடல்காற்று எழுந்தால் நிலைமை மாறி, கரைப் பக்கம் தள்ளும். காலையில் நின்ற வண்டியையும் மாலையில் நின்ற வண்டியையும் ஒரே மாதிரி நினைக்காதீர்கள்.

காற்று வெளியே தள்ளினால் முதல் வேலை நங்கூரம். மடக்கு நங்கூரம் ஒன்றை முன் பெட்டியில் வைத்திருப்பது பெரிய விஷயமே இல்லை. கயிற்றை ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் விட்டு, முன்பக்க வளையத்தில் கட்டுங்கள். பின்பக்கம் கட்டினால் அலை பின்னாலிருந்து ஏறிவிடும். நங்கூரம் இல்லையென்றால், உறுதியான பை அல்லது வாளியைக் கயிற்றில் கட்டி முன்பக்கத்திலிருந்து தண்ணீரில் விடுங்கள். நிறுத்தாது, ஆனால் வேகத்தைக் குறைக்கும், வண்டியின் முகத்தையும் அலைக்கு நேரே திருப்பி வைக்கும்.

இன்னொன்று. கரை எவ்வளவு கிட்டத்தில் தெரிந்தாலும் வண்டியை விட்டு நீந்திப் போகாதீர்கள். தண்ணீர் மட்டத்தில் இருந்து பார்க்கும்போது தூரம் ஏமாற்றும். மிதக்கும் ஒரு மனிதத் தலையைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட மிதக்கும் வண்டியைக் கண்டுபிடிப்பது பல மடங்கு சுலபம்.

பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை

பெரும்பாலும் சாவிதான் காரணம். யமஹாவில் கயிற்றின் நுனியில் உள்ள கிளிப், ஸ்டாப் சுவிட்சின் அடியில் முழுதாக உட்கார வேண்டும். பாதி உட்கார்ந்தால் ஓடாது. சீ-டூவில் சாவிக்குள்ளே மின்னணு அடையாளம் இருக்கிறது. சரியாகப் பொருந்தினால் இரண்டு சின்ன பீப் கேட்கும். ஒரு நீண்ட பீப் என்றால் தொடர்பு சரியில்லை என்று பொருள். சாவியின் குழியிலும் கம்பத்திலும் உப்பு படிந்திருக்கும். குடிநீரால் கழுவி, துணியால் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டுங்கள். புதிய சீ-டூக்களில் முதல் அழுத்தலில் மின்சாரம்தான் விழிக்கும், சாவி மாட்டி இரண்டாம் முறை அழுத்தினால்தான் எஞ்சின் சுற்றும். வாடகைக்கு எடுத்தவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

யமஹாவில் ரிமோட் பூட்டு உள்ள மாடலாக இருந்தால், பூட்டிய நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒருவர் தண்ணீரில் விழுந்து, சாவி அவர் மணிக்கட்டோடு போய்விட்டது என்றால் அவர் திரும்ப ஏறும்வரை வண்டி ஓடாது. அதற்காகத்தான் அந்தக் கயிறே இருக்கிறது. அதைச் சட்டையிலோ கைப்பிடியிலோ சும்மா மாட்டிவிட்டு ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கும். உதிரிச் சாவி ஒன்று முன் பெட்டியில் இருக்கட்டும்.

சாவி சரி, திரையும் எரியவில்லை என்றால் இருக்கையைக் கழற்றி பேட்டரி முனைகளைப் பாருங்கள். அலையில் குதித்துக் குதித்து ஓடும் வண்டியில் முனை போல்ட் தளர்ந்திருப்பது சகஜம். கையால் அசைத்தாலே தெரியும். பல மாடல்களில் 10 நம்பர் ஸ்பேனர் போதும்.

'டக் டக்' என்று மட்டும் கேட்கிறது

திரை எரிகிறது, பட்டன் அழுத்தினால் டக் டக் என்று சத்தம், கூடவே திரை மங்குகிறது. இது பேட்டரி இறக்கம். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போய்விட்டால் எஞ்சினைச் சுற்ற வலு இருக்காது. மெதுவாக ஊர்ந்துகொண்டே பாட்டு ஸ்பீக்கரை ஓட விட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும், ஏனென்றால் ஐடிலில் சார்ஜ் ஏறுவது குறைவு.

கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் இருந்தால் நல்லது. ஆனால் இணைக்கும் முன் இருக்கையைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் இணைக்கவே கூடாது. காற்றோட்டம் விட்டு, வாசனை போகவில்லை என்றால் அந்த வண்டியை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். வாசனை இல்லை என்றால் சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸில், கறுப்பு முனையை எஞ்சினின் வெற்று உலோகத்தில் மாட்டுங்கள்.

ஒரே ஒரு 'டக்', அப்புறம் எதிலோ முட்டியதுபோல் நிற்கிறது, திரை மட்டும் பிரகாசமாகவே இருக்கிறது என்றால் அது பேட்டரி இல்லை. சிலிண்டரில் தண்ணீர் நிறைந்திருக்கலாம், அல்லது தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரில் எதுவோ சிக்கியிருக்கலாம். இன்னொரு முறை அழுத்தவே வேண்டாம். தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வர முயன்று முட்டினால் ராடுதான் வளையும்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

5 நொடிக்கு மேல் சுற்றாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் 15 நொடி பொறுத்து அடுத்த முயற்சி. மூன்று தடவைக்கு மேல் இதே முறை வேலை செய்யப்போவதில்லை, காரணத்தைத் தேடுங்கள்.

முதல் காரணம் விரலில் இருக்கலாம். பதற்றத்தில் வேகம் கொடுக்கும் த்ராட்டிலை முழுதாகப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் அழுத்துகிறோம். சீ-டூவில் அப்படிச் செய்தால் எஞ்சினில் பெட்ரோல் நிறைந்துவிட்டது என்று கணினி எடுத்துக்கொண்டு, பெட்ரோலையும் தீப்பொறியையும் நிறுத்திவிடும். எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. விரலை எடுத்துவிட்டு ஒரு முறை முயலுங்கள். உண்மையிலேயே பெட்ரோல் நிறைந்துவிட்டிருந்தால், இதே ஏற்பாட்டை வைத்து முழு த்ராட்டிலில் சில நொடி சுற்றி, பிறகு விரலை எடுத்துத் தொடங்கினால் சரியாகும்.

அடுத்து எரிபொருள். அளவுகாட்டியை மட்டும் நம்பாமல் வண்டியை லேசாக ஆட்டிப் பாருங்கள், தொட்டியில் சலசலப்பு கேட்கும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் திருகு உண்டு. அதை ரிசர்வுக்குத் திருப்பினால் கரை சேரும் அளவு கிடைக்கும். ஏற்கெனவே ரிசர்விலேயே ஓட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றால் அந்த வழியும் கிடையாது.

திணறித் திணறி நின்ற வண்டி என்றால் பெட்ரோலில் தண்ணீர் கலந்ததைச் சந்தேகிக்க வேண்டும். இந்தியாவில் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ஜெட் ஸ்கீ கையேடுகளோ பெரும்பாலும் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டியின் தொட்டியில் அது தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். எரிபொருள் பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். இதைத் தண்ணீரில் சரிசெய்ய வழியில்லை. அது மறுபடி பிடித்து, குறைந்த வேகத்தில் ஓடினால் அப்படியே கரைக்கு வாருங்கள், தொட்டியைக் காலி செய்யும் வேலை அங்கேதான்.

எஞ்சின் ஓடுகிறது, சத்தம் ஏறுகிறது, வண்டி நகரவில்லை

தண்ணீரில் நேரும் பழுதுகளில் நீங்களே சரிசெய்யக்கூடியவற்றில் முக்கியமானது இது. ஜெட் ஸ்கீ அடியில் உள்ள துவாரம் வழியே தண்ணீரை உறிஞ்சி, இம்பெல்லரால் அழுத்தி, பின்னால் பீய்ச்சித்தான் முன்னேறுகிறது. உறிஞ்சும் வாயில் எதாவது அடைத்தால், தண்ணீருக்குப் பதில் காற்றும் நுரையும் போகும். எஞ்சின் கத்தும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். திருப்பவும் முடியாது, ஏனென்றால் இந்த வண்டிக்குச் சுக்கான் கிடையாது. பீய்ச்சும் தண்ணீர்தான் வண்டியைத் திருப்புகிறது.

நம் கடற்கரையில் அடைப்பது என்னென்ன? பிளாஸ்டிக் பை, கிழிந்த நரம்பு வலை, தங்கூசி (தூண்டில் நரம்பு), நண்டு வலைக் கயிறு, பாசி. முட்டுக்காடு, சுண்ணாம்பாறு மாதிரி உப்பங்கழிகளில் மழைக்குப் பிறகு அடித்து வரும் ஆகாயத்தாமரை. பை, பாசி, செடி எல்லாம் சுலபமாகப் போகும். கயிறும் தங்கூசியும் போகாது. வலையில் மாட்டினீர்கள் என்றால் முதலில் சத்தம் மாறும், நடுக்கம் வரும். அந்த நடுக்கம் கேட்ட நொடியே அணைத்தால் ஒரு சுற்றுதான் சுற்றியிருக்கும். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று ஓட்டினால் இம்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட்டில் உருண்டு, வெப்பத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். அதைக் கத்தியால்கூட எடுக்க முடியாது.

சரிசெய்யும் வரிசை இப்படி. எஞ்சினை அணையுங்கள், சாவியைக் கழற்றுங்கள். எல்லோரும் வண்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் எடையை மாற்றி, நன்றாக ஐந்தாறு முறை ஆட்டுங்கள். பையும் செடியும் பல நேரம் அதிலேயே கழன்று விழும். பிறகு சாவி போட்டு ஸ்டார்ட் செய்து, ஐடிலில் கொஞ்சம் கேட்டுப் பார்த்து, மெதுவாக த்ராட்டில் கொடுங்கள். பின்னோக்கி ஓடும் வசதி இருந்தால் சில நொடி அதையும் முயலுங்கள். சீ-டூ 2022 மாடல்கள் முதல் சிலவற்றில், பம்பைத் திருப்பிச் சுழற்றிக் குப்பையைத் துப்பும் ஏற்பாடே இருக்கிறது. அது உங்கள் வண்டியில் இருந்தால் அதுதான் முதல் முயற்சியாக இருக்கட்டும். கயிறு என்று சந்தேகம் இருந்தால் மட்டும் எஞ்சினைத் தொடாதீர்கள்.

இதிலும் போகவில்லை என்றால் தண்ணீரில் இறங்கிக் கையால்தான் எடுக்க வேண்டும். அலை இருந்தால் இறங்காதீர்கள். வண்டியின் பின்பாகம் தலையில் அடித்தால் நினைவு தப்பும். அலை இல்லையென்றால், எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், சாவி உங்கள் கையிலேயே இருக்க வேண்டும், மேலே உட்கார்ந்திருப்பவரிடம்கூடக் கொடுக்க வேண்டாம். தலைமுடி, கழுத்துக் கயிறு, லைஃப் ஜாக்கெட்டின் தொங்கும் பட்டை எல்லாவற்றையும் உள்ளே செருகுங்கள். மின்சாரம் விழித்திருக்கும்போது பீய்ச்சும் தண்ணீரைத் திருப்பி வண்டியைப் பின்னோக்கி ஓடவைக்கும் சீ-டூவின் பின்பக்கத் தடுப்பு தானாக அசையக்கூடும், அந்த இடுக்கில் விரல் வைக்காதீர்கள். அடியில் கை விட்டுக் கம்பிக் கிராதியைத் தடவிப் பார்த்து, நுனி கிடைத்தால் இழுங்கள். கயிறு என்றால் சுற்றிய திசைக்கு எதிராகச் சுழற்றி இழுக்க வேண்டும். வரவில்லை என்றால் கொக்கிக் கத்தியால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எடுங்கள். இம்பெல்லரின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கையுறை இல்லாமல் விரலை உள்ளே விடாதீர்கள்.

சோதித்துப் பார்க்க த்ராட்டில் கொடுக்கும்போது, பின்னால் தண்ணீரில் யாரும் இருக்கக் கூடாது. பீய்ச்சும் நீரின் அழுத்தம் உடலுக்குள் புகுந்து பெரிய காயம் செய்யும். பின் இருக்கையில் இருப்பவர் தடுக்கி விழுந்தாலும் அதே ஆபத்துதான்.

அடைப்பு எதுவும் இல்லை, ஆனாலும் த்ராட்டில் கொடுத்தால் கத்துகிறது, பிறகு தாமதமாக நகர்கிறது என்றால், இம்பெல்லரைச் சுற்றியுள்ள வேர் ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது இம்பெல்லர் பல் வளைந்திருக்கிறது. மணல் உறிஞ்சியதன் விளைவு இது. சீ-டூ கையேடு வண்டிக்கு அடியில் 90 சென்டிமீட்டராவது தண்ணீர் வேண்டும் என்கிறது, யமஹா 60 சென்டிமீட்டர் என்கிறது. கோவளம் கழிமுகத்தில் மணல் மேடு நகர்ந்துகொண்டே இருக்கும். நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று முழங்கால் அளவாக இருக்கும். இந்தப் பழுதோடு மெதுவாகக் கரைக்கு வந்துவிடலாம், அவசரப்படாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம்: எஞ்சின் நன்றாக ஓடுகிறது, வண்டி நிற்கிறது அல்லது பின்னால் போகிறது என்றால் பின்பக்கத் தடுப்பு கீழே இறங்கி நிற்கிறதா என்று பாருங்கள். ரிவர்ஸ் கைப்பிடியை ஒரு முறை முழுதாகப் பின்னுக்கும் முன்னுக்கும் மாற்றிப் போட்டால் பல நேரம் விடுபடும்.

அலாரம் விடாமல் அடிக்கிறது

சூடு அல்லது எண்ணெய் அழுத்தம். இரண்டிலும் முதல் வேலை ஒன்றுதான்: விரலை எடுத்து, எஞ்சினை அணைப்பது.

யமஹா, கவாசாகி வண்டிகள் எஞ்சினைக் குளிர்விக்க வெளித் தண்ணீரையே உள்ளே அனுப்புகின்றன. சீ-டூவின் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் காரைப் போல் மூடிய கூலன்ட் சுற்று உண்டு, ஆனால் புகைக்குழாயைக் குளிர்விக்க அதற்கும் வெளித் தண்ணீர் வேண்டும். அதனால் உறிஞ்சும் வாயில் பை அடைத்தால் எந்த வண்டியானாலும் சூடாகும். அடைப்பை எடுத்து, கால் மணி நேரமாவது ஆறவிட்டு, ஸ்டார்ட் செய்யுங்கள். யமஹாவில் குளிர்வித்த நீர் வெளியேறும் சின்னத் துளையிலிருந்து நீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். பீய்ச்சினால் மெதுவாகக் கரைக்கு வரலாம். பீய்ச்சவில்லை என்றால் உள்ளே மணல் அடைத்திருக்கும், ஓட்டாதீர்கள். சூட்டோடு கூலன்ட் மூடியைத் திறப்பதும், சூடான எஞ்சின் மேல் கடல் நீரைக் கொட்டுவதும் வேண்டவே வேண்டாம்.

எண்ணெய் விளக்கு என்றால் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை (டிப்ஸ்டிக்) எடுத்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால், எடுத்து வந்த எண்ணெயை ஊற்றலாம். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த எஞ்சினை மறுபடி சுற்றாதீர்கள்.

வேகம் ஏறவே இல்லை, ஆனால் ஓடுகிறது

சீ-டூவின் கற்றுக்கொள்வோருக்கான சாவியா என்று முதலில் பாருங்கள். அது வேகத்தைக் கட்டுப்படுத்தும். யமஹாவில் ரிமோட்டால் குறைவேக நிலைக்கு மாற்றியிருக்கலாம். அப்படி எதுவும் இல்லை, திரையில் எஞ்சின் விளக்கு எரிகிறது என்றால், எதோ ஒரு சென்சார் பழுதைக் கண்டு வண்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. கரை சேர்க்கத்தான் அந்த ஏற்பாடு. அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்து சோதிக்காமல் நேராகக் கரைக்குத் திருப்புங்கள்.

பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போகிறது

வண்டி கனமாக உணர்கிறது, திருப்பினால் சோம்பலாகத் திரும்புகிறது, நின்றால் பின்பக்கம் முங்குகிறது என்றால் உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் நின்றுவிட்டிருந்தால் பின்புறக் கீழே உள்ள வடிகால் அடைப்பான்களைத் தொட்டுப் பாருங்கள். கரையில் தண்ணீர் வடிக்கத் திறந்துவிட்டு மூட மறந்திருப்பார்கள். பெரும்பாலும் அதுதான்.

எஞ்சின் இன்னும் ஓடுகிறது என்றால் அணைக்காதீர்கள். பல வண்டிகளில், ஓடும்போது பம்பின் உறிஞ்சு விசையாலேயே உள்தண்ணீர் வெளியேறும் குழாய் இருக்கிறது. வண்டி மிதந்து சறுக்கும் வேகத்தில் நேராக ஓட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். நின்றால் அதுவும் நிற்கும். அதனால் இந்த ஒரு பழுதில் மட்டும் நின்று ஆராயாமல், அருகிலுள்ள மணல் கரையை நோக்கிப் போங்கள்.

அடைப்பான்கள் சரியாக இருக்கின்றன, ஆனாலும் தண்ணீர் ஏறுகிறது என்றால் ஷாஃப்ட் உடலுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் 'சீல்' பழுதாகியிருக்கலாம் என்று சந்தேகியுங்கள். தங்கூசி சுற்றி நடுங்கிய ஷாஃப்ட் அந்த சீலை அடிக்கும். காலையில் வலையில் மாட்டிய வண்டியில் மதியம் தண்ணீர் ஏறுவது இப்படித்தான்.

கவிழ்ந்துவிட்டது

பின்பக்கத்தில் எந்தத் திசையில் புரட்ட வேண்டும் என்று அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அந்தத் திசையில்தான் புரட்ட வேண்டும். எதிர்த்திசையில் புரட்டினால் புகைக்குழாயில் உள்ள தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கும். புறப்படும் முன்பே அந்த ஸ்டிக்கரைப் படித்துவிடுங்கள், தண்ணீரில் மூச்சிரைக்கும்போது படிக்க முடியாது.

உடனே நிமிர்த்திவிட்டால், இருக்கையைத் திறந்து உள்ளே எவ்வளவு தண்ணீர், பெட்ரோல் வாசனை உண்டா என்று பார்த்துவிட்டு ஒரு முறை ஸ்டார்ட் செய்யலாம். 5 நிமிடத்துக்கு மேல் தலைகீழாகக் கிடந்திருந்தால் சுற்றவே சுற்றாதீர்கள், சீ-டூ கையேடும் அதையே சொல்கிறது. ஏறும்போது பின்பக்கமாக, ஒவ்வொருவராக ஏறுங்கள். பக்கவாட்டில் தொங்கினால் மறுபடி கவிழும்.

உதவி கேட்பதும் கட்டி இழுப்பதும்

அரை மணி நேரத்தில் சரியாகவில்லை, அல்லது காற்று வெளியே தள்ளுகிறது என்றால் உதவி கேளுங்கள். இருட்டும்வரை காத்திருக்காதீர்கள். இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸுக்கு 1093. பொது அவசர எண் 112. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓட்டுபவர்களுக்குக் கடலோரக் காவல் எண் 996, மலேசியாவில் 999. வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 16-ஆவது சேனல். முதல் வாக்கியத்திலேயே இடத்தைச் சொல்லுங்கள். போனின் வரைபடத்தில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நிதானமாகப் படியுங்கள். எத்தனை பேர், காயம் உண்டா, எந்தப் பக்கம் அடித்துப் போகிறீர்கள் என்பது அடுத்து. போனை வைத்த பிறகு வேறு யாருக்கும் அழைத்து சார்ஜைத் தீர்க்காதீர்கள்.

படகு தெரிந்தால், இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக உயர்த்தித் தாழ்த்துங்கள். கடலில் அது ஆபத்துச் சைகை. ஒற்றைக் கையை ஆட்டினால் வணக்கம் சொல்கிறீர்கள் என்று அவர்களும் கையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் தமிழ்நாட்டுக் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் இருக்காது, நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும்தான் போய்வரும். அவையும் பெரும்பாலும் காலையில் கரை திரும்பிவிடும். அந்த மாதங்களில் மதியம் தனியாக வெகுதூரம் போவது சரியில்லை.

ஃபைபர் படகில் வரும் அண்ணன்மார் கயிறு போட்டு இழுத்துவிடுவார்கள், மனசும் உண்டு, திறமையும் உண்டு. ஆனால் அவர்களின் வேகம் உங்கள் எஞ்சினைக் கொல்லும். "அண்ணே, மெதுவா போங்க, வேகமா இழுத்தா எஞ்சினுக்குள்ள தண்ணி போயிடும்" என்று கயிறு கட்டும்போதே சொல்லிவிடுங்கள். இழுக்கும்போது அடியிலிருந்து தண்ணீர் குளிர்விக்கும் குழாய் வழியே தள்ளப்படும். எஞ்சின் ஓடாததால் அதை வெளியேற்றப் புகை அழுத்தம் இருக்காது. புகைக்குழாயில் உள்ள மஃப்ளர் நிறைந்து, தண்ணீர் சிலிண்டரில் இறங்கும். யமஹா சொல்லும் வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர். ஒருவர் மெதுவாக ஓடினால் எவ்வளவோ அவ்வளவுதான். உங்கள் கையேடு குளிர்நீர்க் குழாயில் கிளாம்ப் போடச் சொன்னால், இழுக்கும் முன் போடுங்கள். கரையில் எஞ்சினைத் தொடங்கும் முன் மறக்காமல் எடுங்கள், இல்லையென்றால் நிமிடங்களில் சூடேறிவிடும்.

கயிற்றை முன்பக்க வளையத்தில் கட்டுங்கள், கைப்பிடியில் வேண்டாம். நீளம் இரண்டு வண்டிகளின் மொத்த நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருக்கட்டும். இழுக்கும் படகு நின்றாலும் உங்களுடையது போய் மோதாது. கயிறு தளர்ந்து உங்கள் அடியில் போகாமலும், அவர்கள் புரொப்பெல்லரில் சிக்காமலும் ஒருவர் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

கரை சேர்ந்ததும்

எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்றால், நல்ல நீரால் உள்பாகத்தைக் கழுவுங்கள். முதலில் எஞ்சினைத் தொடங்கி, பிறகு குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூடி, பிறகு எஞ்சினை அணைக்க வேண்டும். வரிசை மாறினால் கடலில் போகாத தண்ணீர் கரையில் எஞ்சினுக்குள் போய்விடும். தண்ணீர் இல்லாமல் 15 நொடிக்கு மேல் ஓட்டாதீர்கள்.

உப்புத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடவே கூடாது. சில மணி நேரத்தில் துரு பிடிக்கத் தொடங்கும். அன்றைக்கே ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றி, தீப்பொறி வராதபடி இணைப்பை விலக்கி வைத்து, பிளக் துளைக்கு நேரே முகத்தைக் காட்டாமல் தள்ளி நின்று, சின்னச் சின்ன சுற்றாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். துளைகளில் துருத் தடுப்பு எண்ணெய் தெளித்து மறுபடி சுற்றுங்கள். எஞ்சின் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எண்ணெய் இன்னும் பால் நிறமாக இருந்தால் இன்னொரு முறை மாற்ற வேண்டும். இது கைக்குப் பழக்கமில்லாத வேலை என்றால் மெக்கானிக்கை அன்றைக்கே கூப்பிடுங்கள். எத்தனை மணிக்குத் தண்ணீர் போனது, அதற்குப் பிறகு எத்தனை முறை ஸ்டார்ட் அழுத்தினீர்கள் என்று அவர் கேட்பார். இரண்டையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள், ராடு வளைந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.